வஸீலாவின் கைப்பக்குவம்

கொட்டகை வாசலில் வஸீலா வந்து நின்றதை மஹ்பூபா பார்த்துவிட்டாள். பார்த்தும் பார்க்காதவள்போலக் குனிந்து, மடியில் கிடந்த பேரீச்சங்கொத்தைத் திருப்பித் திருப்பி வெம்பலைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள். அறுவடை தொடங்கிப் பதினோரு நாள். உப்பு ஏரிப் பக்கம் காலையிலிருந்து சாம்பல் நிறத்தில் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. மழை இறங்கினால் மரத்தில் இருக்கிற பழம் அத்தனையும் ஒரே ராத்திரியில் புளித்துவிடும். அதனால் தோட்டங்களிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழம் வந்து குவிந்தது. பெண்கள் நிமிரவில்லை.

பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஜன்னத் முதலில் வாயைத் திறந்தாள்.

"உங்கண்ணன் பொண்டாட்டி வந்து நிக்கிறா மஹ்பூபா. கையில ஏதாவது சுட்டு எடுத்துட்டு வந்திருக்காளான்னு பாரு. மறந்துபோய் வாயில போட்டுத் தொலைச்சிடாதே."

வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். மஹ்பூபாவும் சிரித்தாள். அந்தப் பேச்சை ஊருக்குள் விட்டவளே அவள்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அண்ணன் தய்யிப் செத்த மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்த பெண்கள் நிறைந்திருந்த கூடத்தில் அவள் சொன்னாள். "எங்கண்ணன் கல்லைத் தின்னாலும் கரைச்சவன். வெளியூர்க்காரி ஒருத்தி வந்தா, அவ கையால தின்னுதின்னு குடல் வெந்து செத்தான்." அழுகையோடு அழுகையாக வந்த சொல். வாயிலிருந்து விழுந்ததும் அதைக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். மறு வாரம் ஊர் முழுக்க அதே பேச்சு.

வஸீலா கஃப்ஸாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தச் சுரங்கத்து ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் காவி படிந்திருக்கும். அவளும் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அதைக்கூட, எதையோ மறைக்கிறாள் என்றுதான் மஹ்பூபா எடுத்துக்கொண்டாள். வெங்காயமும் கொழுப்பும் மிளகாய் விழுதும் உள்ளே வைத்து வஸீலா சுடுகிற ரொட்டிக்கு முன்பெல்லாம் அறுவடை ஆட்கள் விடிகாலையிலேயே வந்து நிற்பார்கள். துக்க வீட்டுப் பேச்சுக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. பெருநாளுக்குப் புருஷன் பேரைச் சொல்லி அவள் அண்டை வீடுகளுக்கு அனுப்பிய தட்டு ஆடு தின்னும் தொட்டிக்குப் போனது. அடுப்பை மூடிவிட்டு, ஊர்க்கோடி சுகாதார நிலையத்தில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் அவளுக்கு.

"அக்கா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

"வேலை நேரம். சொல்லணும்னா இங்கேயே சொல்லு."

"இங்க வச்சுச் சொல்ற விஷயம் இல்லக்கா."

வீட்டுப் பங்கு பற்றியோ மரத்துப் பங்கு பற்றியோதான் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே மஹ்பூபா எழுந்தாள். காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த மறைவுக்குப் போனதும் வஸீலா முந்தியிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"அவர் கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப டாக்டரம்மா சொன்னாங்கல்ல, கூடப் பிறந்தவங்க எல்லாரும் குடலை ஒருதடவை பாத்துடணும்னு. அப்ப நீங்க யாரும் காதுல வாங்குற நிலைமையில இல்ல. இப்ப உங்களுக்கும் தம்பி லஸ்ஹருக்கும் நாள் வாங்கியிருக்கேன். வர்ற வியாழக்கிழமை."

"நான் கேட்டேனா?"

"கேக்கல."

"ரெண்டு வருஷம் கழிச்சு என்ன திடீர் கரிசனம்?"

"திடீர்னு இல்லக்கா. சுகாதார நிலையத்து நர்ஸ் பக்கத்துலயே இருக்கேன், தினம் கேக்கறேன். உங்கப்பா இதே நோவுல போனப்ப அவருக்கு அம்பத்தொண்ணு. இவருக்கு நாப்பத்தாறு. உங்களுக்கு இப்ப நாப்பத்திரெண்டு…"

"எங்க வீட்டு வயசை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கியா நீ?"

"ஆமா," என்றாள் வஸீலா. "எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கு என்ன கேடு? மூணு வேளை திங்கிறேன், கல்லு மாதிரி இருக்கேன்."

"அவரும் அப்படித்தான் இருந்தாரு. வலி வந்த பிற்பாடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. வலி வர்றதுக்கு முன்னாடி பாக்கிறதுதான் இது."

காகிதத்தை மஹ்பூபா வாங்கவில்லை. வஸீலா அதை அவளுடைய மேலங்கிப் பையில் தானே செருகிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுக்க மஹ்பூபாவுக்கு வேலை ஓடவில்லை. நல்ல பழத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கொட்டை நிழல்போலத் தெரியும். புழு விழுந்தது மங்கலாக இருக்கும். இருபது வருஷமாக ஒரு பார்வையில் பிரித்துவிடுகிற அந்தக் கண், அன்று நல்லதைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டது. ஏன் இந்த அக்கறை? நாம் பேசின பேச்சுக்கு இவள் நம்மைப் பார்த்தால் காறித் துப்ப வேண்டும். நாள் வாங்கிக்கொண்டு வருகிறாளே, ஏன்? சாயங்காலம் கொட்டகையைப் பூட்டுகிற நேரத்தில் விடை கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. நேராகத் தம்பியின் தோட்டத்துக்குப் போனாள்.

லஸ்ஹர் முப்பத்தெட்டு வயதுக்காரன். மரமேறிகளில் அவன்தான் உச்சிக்குப் போகிறவன். அவன் குலையை அறுத்துக் கொடுக்க, மரத்தண்டில் ஒருவருக்குக் கீழ் ஒருவராகத் தொற்றிக்கொண்டிருக்கிற ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பூப்போலத் தரைக்கு இறக்குவார்கள். கடைசி மரத்தையும் முடித்துவிட்டு ஆட்கள் கலைந்திருந்தார்கள். அவன் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டு, கரியடுப்பில் கொதிக்கிற டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"உனக்கும் காகிதம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"குடலைப் பாக்குற குழாயை எங்க விடுவாங்கன்னு தெரியுமா?"

"கேட்டேன். கேக்காமலே இருந்திருக்கலாம்." லஸ்ஹர் டீயை உயரத் தூக்கி ஊற்றினான். "முப்பதடி மரத்துல ஏறுறேன், கீழ நிக்கிறவன் அண்ணாந்து பாத்தாலே எனக்குக் கூச்சமா இருக்கும். இவங்க லைட்டு போட்டுப் பாக்கணுமாம். டி.வி. பெட்டியில வேற தெரியுமாம்."

மஹ்பூபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்கிற விஷயம் இல்லடா. அவ எதுக்கு இதுல இவ்வளவு மெனக்கெடுறான்னு யோசிச்சியா?"

"எதுக்கு?"

"நமக்கு அந்த நோவு இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா என்ன அர்த்தம்? அப்பாவுக்கு, அண்ணனுக்கு, நமக்கு. ரத்தத்துலயே இருக்குன்னு ஆயிடும். அவ கை சுத்தம்னு ஆயிடும். மறுநாளே அடுப்பை மூட்டிடுவா. நமக்கு வரணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கா, புரியுதா?"

லஸ்ஹர் டீயை ஊதி ஊதிக் குடித்தான். 

"அப்படியே இருந்தாலும், இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல. அவ வேண்டிக்கிட்டதால குடலுக்குள்ள முளைக்கப் போகுதா? உனக்கு எதுலக்கா பயம்? நோவுலயா, அவ கை சுத்தம்னு ஆயிடுமேன்னா?"

"உளறாதே. நீ போகப்போறியா?"

"யாரு? நானா? அறுவடையை விட்டுட்டா? போவேனா?"

அவன் சொன்ன விதத்திலேயே ஏதோ இடறியது. சின்ன வயதில் கோழிமுட்டையைத் திருடிக் குடித்துவிட்டு இப்படித்தான் பதில் சொல்வான்.

புதன்கிழமை மத்தியானம் கொட்டகைக்குப் பெட்டி கொண்டுவந்த ஆள், லஸ்ஹர் காலையிலிருந்து மரம் ஏறவில்லை, வயிறு சரியில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டான் என்றான். மஹ்பூபா சாப்பாட்டு நேரத்தில் தம்பி வீட்டுக்கு ஓடினாள். அவன் மனைவி ஹத்தா ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"தோட்டத்துலதானே இருக்காரு மதினி? காலையில போனவர்தான். ரொட்டிகூட வேண்டாம்னுட்டாரு. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. மேகமா இருக்கே, எத்தனை மரம் பாக்கின்னு கேக்க வந்தேன்."

தோட்டத்தில் இல்லை. வீட்டில் இல்லை. டீக்கடையில் இல்லை. ஈச்சமட்டை வேலிகளுக்கு நடுவே மணல் பாதையில் நடக்க நடக்க அவளுக்குள் ஒரு எண்ணம் புகைந்தது. வஸீலாவின் வீட்டுச் சந்துக்குள் திரும்பினாள். பின்சுவரோரம், வைக்கோல்பாய் போட்டு மூடி, லஸ்ஹரின் மொபெட் நின்றுகொண்டிருந்தது.

 பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். புருஷன் இல்லாத வீடு. கர்ப்பிணிப் பெண்டாட்டியை விட்டுவிட்டு இவன் இங்கே. இதற்குத்தானா அந்தக் காகிதம், கரிசனம், எல்லாம்? முன்பக்கம் சுற்றி வந்தாள். தெருக்கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. அது சாத்திக்கொள்ளாதபடி கல் வேறு அண்டை கொடுத்திருந்தது. முற்றத்து நடுவில், தெருவில் போகிற யாருக்கும் தெரியும்படி, வஸீலா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பெரிய ஜாடி. ஒரு கண்ணாடித் தம்ளர்.

"எங்க அவன்?"

வஸீலா வாயைத் திறப்பதற்குள் முற்றத்து மூலையிலிருந்த கழிப்பறைக் கதவு திறந்தது. லஸ்ஹர் கால்சட்டைக் கயிற்றை முடிந்துகொண்டு வெளியே வந்தான். முகம் வெளிறி, கன்னம் ஒட்டி, ஒரே நாளில் கிழவனாகிவிட்டவன்போல இருந்தான். அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"வஸீலா, அவனுக்கு என்ன குடுத்தே? இந்த ஜாடியில என்ன?"

"மருந்துக்கா. குடலைக் கழுவுறதுக்கு. நாளைக்குக் குழாய் விடணும்னா உள்ள ஒண்ணும் இருக்கக்கூடாதாம்."

"ஒருத்தன் குடலைக் கழுவினது பத்தாதா உனக்கு?"

சொல்லிவிட்டாள். வஸீலா அதற்குக் கோபப்படவில்லை. தம்ளரை எடுத்து ஜாடியிலிருந்து வழிய வழிய ஊற்றினாள். எழுந்து நின்று, மஹ்பூபாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, மூச்சுவிடாமல் அதைக் குடித்து முடித்தாள். பிறகு இன்னொரு தம்ளர் ஊற்றி அதையும் குடித்தாள். உப்புக் கரித்ததோ என்னவோ, முகம் கோணியது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போதுமா? இன்னும் குடிக்கணுமா?"

"அண்ணி, வேண்டாம், இருக்கிறது ஒரே ஒரு கக்கூஸு," என்றான் லஸ்ஹர் பரிதாபமாக.

மஹ்பூபா ஜாடியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்தான் கேட்டேன்க்கா," லஸ்ஹர் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான். "வீட்டுல குடிச்சா ஹத்தா பயந்துடுவா. மாமனார் வேற வந்து உக்காந்திருக்காரு. இருபது தடவை ஓடினா ஊருக்கே தெரிஞ்சுடும். சுத்துப்பட்டுல ஆள் வராத வீடு இது ஒண்ணுதான். அதுக்கும் நீதானே காரணம்." அவ்வளவு சொல்வதற்குள் அவன் வயிறு உறுமியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் உள்ளே ஓடினான்.

"கதவைத் திறந்து போட்டுத்தான் உக்காந்திருக்கேன்," என்றாள் வஸீலா. "நீங்க என்ன நினைச்சுக்கிட்டு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். வேற யாரும் அப்படி நினைச்சிடக் கூடாதுன்னுதான்."

கொஞ்ச நேரத்தில் வஸீலாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. லஸ்ஹர் உள்ளேயிருந்து "அண்ணி, சத்தியமா இப்ப முடியாது" என்று கத்தினான். வஸீலா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மஹ்பூபா அந்த ஜாடியைக் காவல் காத்துக்கொண்டு தனியாக முற்றத்தில் நின்றாள். குனிந்து மோந்து பார்த்தாள். எலுமிச்சையும் உப்புமாக ஒரு வாடை. விரலை விட்டு நாக்கில் வைத்தாள். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவைப் பார்த்தாள்.

மறுநாள் அவளும் கூடப் போனாள். "என்ன பண்றாங்கன்னு நான் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டு ஷேர் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுகத் தூறல். லஸ்ஹர் கண்ணாடி வழியாக ஒவ்வொரு தோட்டமாகப் பார்த்து, எவன் மரத்துக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டவில்லை என்று திட்டிக்கொண்டே வந்தான். அது பயத்தில் வருகிற பேச்சு என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

பட்டணத்து ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு. அவனை உள்ளே அழைத்துக்கொண்டு போனதும் இருவரும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் வேறு ஊர்க்காரர் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மஹ்பூபா வஸீலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இப்போது என்ன வேண்டிக்கொள்கிறாள்? உதடு அசைகிறதே. இருக்கட்டும் என்றா, இல்லாமல் போகட்டும் என்றா? முடிவு வருகிற நேரத்தில் இந்த முகம் மாறும். ஒரு கணம் போதும். அந்த ஒரு கணத்தைப் பிடித்துவிட்டால் இவள் யாரென்று தெரிந்துவிடும்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"லஸ்ஹர் வீட்டுக்காரங்க யாரு? ஒண்ணும் இல்ல. குடல் சுத்தமா இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி வந்தாப் போதும். மயக்கம் தெளிஞ்சதும் கூட்டிட்டுப் போகலாம்."

மஹ்பூபா டாக்டரைப் பார்க்கவே இல்லை. வஸீலாவைத்தான் பார்த்தாள்.

எழுந்து நின்றிருந்த வஸீலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று விரலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். காவி படிந்த பல் அத்தனையும் தெரிந்தது. மறைக்க மறந்துவிட்டிருந்தாள். குறட்டை விட்டவர் விழித்துக்கொண்டு, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார்.

"பட்டியல்ல இன்னொரு பேர் இருக்கே, மஹ்பூபான்னு," என்றார் டாக்டரம்மா. "வரலையா?"

"வரல," என்றாள் மஹ்பூபா. "அவளுக்கு வேலை இருக்கு."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பிக்கு இல்லங்கிறதால அக்காவுக்கும் இல்லன்னு ஆகாது. அவங்களைப் பாத்தா சொல்லுங்க."

மறுநாள் கொட்டகையில் அவள் உரக்கவே சொன்னாள். "எந்தம்பிக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க." ஜன்னத் உடனே, "அப்ப பானையிலதான் இருந்திருக்கு கோளாறு" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மஹ்பூபா நினைத்தது நடந்தது. ஆனால் அந்தத் தலையாட்டல் அவளுக்கு இனிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து குலுங்கின தோள் கண்ணுக்குள்ளேயே நின்றது. நடிப்பாக இருக்குமோ என்று பார்த்தாள். நடிக்கிறவள் பல்லை மறைத்திருப்பாள்.

லஸ்ஹருக்கு இல்லை என்றானதும் வஸீலாவுக்குத்தான் நஷ்டம். அது தெரிந்தும் ஒருத்தி அப்படிச் சந்தோஷப்படுவாளா?

மூன்று வாரம் அவள் இதையே மென்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் கடற்கரைப் பட்டணத்தில் கட்டட வேலையில் இருந்தான். பெருநாளுக்குத்தான் வருவான். கேட்க வேறு ஆள் இல்லை. மழை வந்து, போய், கடைசிக் குலைகளும் இறங்கிய பிறகு, ஒருநாள் காலை சுகாதார நிலையத்துக்குப் போனாள். வஸீலா ஈரத் துணியோடு படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு நாள் வாங்கிக் குடு."

வஸீலா நிமிர்ந்தாள்.

"யாருக்கும் தெரியக் கூடாது. லஸ்ஹருக்குக்கூட."

"சரிக்கா."

"ஏன் இப்ப வந்தேன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா நீங்க திரும்பிப் போயிட்டா என்ன பண்றது?"

மருந்தைக் குடிக்க மஹ்பூபா அந்த வீட்டுக்குத்தான் போனாள். தெருக்கதவுக்குக் கல் வைக்கவில்லை, சாத்தித் தாழே போட்டார்கள். வஸீலா தம்ளரில் ஊற்றி நீட்டினாள். மஹ்பூபா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"தூ! குமட்டுது."

"ரெண்டாவதுல எலுமிச்சை கூடுதலாப் பிழியறேன்."

பாதிச் சாயங்காலம் வரை ஓடி ஓடிக் களைத்து, முற்றத்தில் போட்ட பாயில் சுருண்டு கிடந்தபோது மஹ்பூபா திடீரென்று கேட்டாள்.

"ஒண்ணு கேக்கிறேன். மறைக்காமச் சொல்லு. எங்களுக்கு இருக்கணும்னு நீ ஒருநாளும் நினைச்சதில்லயா?"

வஸீலா சூப்புக்குக் கோழி எலும்பைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தினாள்.

"நினைச்சேன்."

மஹ்பூபா எழுந்து உட்கார்ந்தாள்.

"என் சின்னவகிட்டப் பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு கேட்டாளாம், 'உங்கம்மா குடுத்த ரொட்டியைத் தின்னா செத்துருவோமா'ன்னு. அன்னைக்கு ராத்திரி முழுக்க நினைச்சேன். மஹ்பூபாவுக்கு வரட்டும், லஸ்ஹருக்கு வரட்டும், ஊரு தெரிஞ்சுக்கட்டும்னு. விடிஞ்சதும் அவர் கடைசி மாசம் கத்தின கத்து காதுல கேட்டுது. எதிரிக்குக்கூட அது வேணாம்க்கா. அன்னைக்குத்தான் நர்ஸ்கிட்டப் போய் நாள் கேட்டேன்." சூப்பிலிருந்து எலும்பை எடுத்து வடித்தாள். "கெட்டதை நினைச்சேன்ல. அதுக்கு ஏதாவது செய்யணும்னு இருந்துது."

 வடித்த சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தபோது மஹ்பூபா வாங்கிக் குடித்தாள். சீரகம் சரியாக விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோது டாக்டரம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டு சொல்லியிருந்தால் நல்ல செய்தி. உட்கார்ந்திருக்கிறார் என்றதும் மஹ்பூபாவுக்குத் தெரிந்துவிட்டது.

"மூணு முளை இருந்துது. ரெண்டு சின்னது. ஒண்ணு கட்டைவிரல் நுனி அளவு. மூணையும் அறுத்து எடுத்தாச்சு. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு."

"அண்ணனுக்கு வந்ததா?"

"அது வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும்."

பதினைந்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்று ஆகவில்லை. ஆகிற பாதையில் இருந்தது. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டரம்மா. மூன்று வருஷத்தில் மறுபடி வரவேண்டும், பிள்ளைகளுக்கு வயதாகும்போது அவர்களையும் பார்க்கவேண்டும், தய்யிபின் பெண்கள் உட்பட. பரம்பரையாக வருவதுபோலத்தான் இருக்கிறது என்றார்.

திரும்பி வரும் வண்டியில் மஹ்பூபா காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உயிர் பிழைத்த சந்தோஷம் முக்கால்வாசி இருந்தது. மீதிக் கால்வாசி சந்தேகம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வஸீலாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். ஊர் எல்லையில் இறங்கியதும் முதல் வீட்டிலேயே சொல்வாள். சொல்ல வேண்டும். சொல்லாமல் எப்படி இருப்பாள்?

வஸீலா சொல்லவில்லை. அந்த வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. கிணற்றடியிலும் கடையிலும் ஜனங்களின் முகத்தை மஹ்பூபா ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. எதற்குக் காத்திருக்கிறாள்? நானே வந்து காலில் விழ வேண்டும் என்றா? ஒருநாள் சந்தில் எதிரே வந்தபோது வஸீலா, "புண்ணு ஆறிடுச்சாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அன்று மஹ்பூபாவுக்குத் தூக்கமே வரவில்லை. அவள் வாயைத் திறந்து ஊரெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

ஜனவரி குளிரில் கொட்டகையில் கடைசிச் சரக்கை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விரல் விறைத்தது. பெண்கள் நடுவில் கரி மூட்டி வைத்திருந்தார்கள். ஜன்னத் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"சுகாதார நிலையத்து நர்ஸுக்கு வஸீலா ரொட்டி சுட்டுக் குடுக்கிறாளாம். அந்தம்மா தைரியசாலிதான். மருந்து பக்கத்துலயே இருக்கு, அதான்."

சிரித்தார்கள். மஹ்பூபா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஜன்னத், அந்தப் பேச்சை முதல்ல யாரு பேசினது?"

"யாரு? நீதான்."

"நான்தான். அது பொய்."

மஹ்பூபா எல்லோரையும் பார்க்கிற மாதிரித் திரும்பி உட்கார்ந்தாள்.

"எங்கண்ணனை யாரு கையும் கொல்லல. எங்கப்பாவைக் கொன்னது எதுவோ அதுதான் அவனையும் கொன்னுது. எனக்கும் இருந்துது. போன மாசம் பட்டணத்துல அறுத்து எடுத்தாங்க. அவதான் நாள் வாங்கிக் குடுத்தா. அவதான் கூட இருந்தா. அவ வச்ச சூப்பைக் குடிச்சேன், இதோ உக்காந்திருக்கேன்."

 பக்கத்தில் இருந்தவள் தன் டீத் தம்ளரை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதை மஹ்பூபா பார்த்தாள். எதிர்வரிசையில் இரண்டு பேர் கண்ணால் பேசிக்கொண்டார்கள். ரத்தத்தில் இருக்கிறதாம், பிள்ளைகளுக்கும் வருமாம். இரண்டு வருஷமாக வஸீலாவைப் பார்த்த அதே பார்வை. அது இப்போது தன் மேல் திரும்பிவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. பெட்டியை எடுத்து மறுபடி அடுக்கத் தொடங்கினாள். வரிசை கோணவில்லை.

வேலை முடிந்து மணல் பாதையில் தனியாக நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் ஜன்னத். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கூடவே கொஞ்சதூரம் நடந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"மஹ்பூபா… எங்கம்மா போனதும் வயித்தாலதான். எங்க பெரியக்காவும். அல்சர்னு சொன்னாங்க." குரல் தாழ்ந்துபோயிருந்தது. "அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை பாக்குறாங்க? யாருகிட்டப் போய் நாள் கேக்கணும்?"

மஹ்பூபா நின்றாள். ஜன்னத்தின் முகத்தைப் பார்த்தாள். வாயில் எத்தனையோ வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"வஸீலாகிட்டக் கேளு," என்றாள். "அவ வீட்டுக் கதவைத் தட்டு. கூட வருவா."

ஜன்னத் வஸீலா வீட்டுச் சந்து முனையிலேயே நின்றுகொண்டிருந்தாள். மஹ்பூபா வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அவள் போகவில்லை, வரவுமில்லை. மூன்றாவது முறை பார்த்தபோது சந்து முனையில் ஆள் இல்லை. சந்துக்குள்ளே, வஸீலாவின் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.